குனியாத இம்பாலா

நான் வேலை செய்த பட்டறையில் இப்போது பழைய அமெரிக்கக் கார்களின் எஞ்சினைத் தூக்கி எடுத்துவிட்டு மின்மோட்டார் பூட்டுகிறார்கள். அண்மையில் பார்க்கப் போயிருந்தேன். எட்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்று மரத்தட்டில் வைத்துக் கட்டப்பட்டு மூலையில் நின்றது. அது இருந்த இடத்தில் பெட்டி பெட்டியாகப் பற்றரிகள். எனக்குப் பிறகு இருக்கை தைக்க வந்திருக்கும் இளைஞர்கள் இருவர் கோப்பி தந்து இருத்தி, உங்கள் காலத்தில் மிகக் கஷ்டமான வேலை எது என்று கேட்டார்கள். மடக்குக் கூரை தைப்பது என்று சொன்னேன். எல்லோரும் எதிர்பார்க்கிற பதில் அது. அவர்களும் தலையாட்டினார்கள். ரயிலில் திரும்பி வரும்போது அந்தப் பதில் பிழை என்று பட்டது. திருத்தி எழுதுகிறேன்.

பிழை திருத்துவதுதான் என் முதல் தொழில். யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் ஒப்புநோக்குநராக இருந்தேன். எண்பதுகளில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்டில் விமானம் இறங்கி, நகரின் மேற்குப் பக்கம் கடந்து, ஹனோவருக்கு அருகே ஓர் அகதி விடுதிக்கு அனுப்பப்பட்டேன். வேலை செய்ய அனுமதி வரும்வரை சில ஆண்டுகள் சும்மா போயின. வந்ததும் கிடைத்த வேலை இந்தப் பட்டறையைக் கூட்டித் துடைப்பது. பழைய இருக்கைகளைப் பிரிக்க ஆள் போதாதபோது என்னைக் கூப்பிட்டார்கள். பிரிக்கக் கற்றுக்கொண்டேன்; பிறகு தைக்க. என் பயிற்சி அவ்வளவுதான். சான்றிதழ் எதுவும் இல்லை.

பட்டறை ஒரு பெண்ணுடையது. தகப்பனிடமிருந்து அவருக்கு வந்தது. முதலாளி அம்மாவுக்கு ஜேர்மன்காரர் சொல்லும் 'செஃபின்' என்ற சொல்லாலேயே நாங்கள் எல்லோரும் அவரைக் குறிப்பிட்டோம். உயரமானவர், நரைத்த கட்டை முடி, காதில் எப்போதும் ஒரு பென்சில். அவர் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. தைத்து முடித்த இருக்கையின் தையல் வழியே பெருவிரல் நகத்தை ஓட்டிக்கொண்டு போவார். எங்காவது நகம் தடைப்பட்டால், சட்டைப் பையிலிருந்து ஒரு வெண்கட்டியை எடுத்து அந்த இடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார். கோடு கூடக் கிழிக்கமாட்டார். வெண்கட்டி கிடந்தால் பிரித்துத் தைக்கவேண்டும். தைத்து முடித்து, வெண்கட்டியை அவருடைய மேசையில் கொண்டுபோய் வைக்கவேண்டும். அதற்கு மேல் பேச்சு இல்லை. வாடிக்கையாளர் குறை சொல்லி வந்தால், யார் செய்தது என்று அவர் சொல்லவே மாட்டார். 'நாங்கள்' என்றுதான் சொல்வார்.

பழைய இருக்கையைப் பிரிப்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. உறையைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் கம்பி வளையங்களை முதலில் குறட்டால் வெட்டவேண்டும். உறையைக் கிழிக்கக்கூடாது, தையலைப் பிரித்து, துண்டு துண்டாக எடுத்து, ஒவ்வொன்றின் பின்புறமும் அது இருந்த இடத்தைக் குறிக்கவேண்டும். அந்தப் பழந்துண்டுதான் புதியதை வெட்டுவதற்கு அளவு. கார் பட்டறையை விட்டுப் போகும்வரை அதை எறியக்கூடாது. குளிர்காலத்தில் றெக்சின் உறையைச் சூடாக்காமல் இழுத்தால் மூலையில் வெடிக்கும். அமெரிக்க இருக்கைகளில் நீளவாக்கில் உருளை உருளையாக மடிப்புகள் இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் பஞ்சு அடைக்கவேண்டும். ஒரு மடிப்பு சற்றுத் தடித்தால் பார்ப்பவர் கண் அங்கேயே போய் நிற்கும், அச்சில் தலைகீழாக விழுந்த எழுத்தைப் போல. அந்த வேலை எனக்குப் பொருந்தியது.

என் மகளுக்குச் சாமத்தியவீடு வைத்தபோது எனக்கு லீவு வேண்டியிருந்தது. எதற்கு என்று செஃபின் கேட்டார். ஒரு பெண்பிள்ளை பூப்பெய்தியதை ஊரைக் கூட்டி, அலங்கரித்து, மேடையில் இருத்திக் கொண்டாடுவதை ஒரு பெண் முதலாளியிடம் ஜேர்மன் மொழியில் எப்படிச் சொல்வது? சொற்கள் எனக்குத் தெரியாமல் இல்லை. வாய் வரவில்லை. பிறந்தநாள் என்றேன். இங்கே எங்களில் பலர் அப்படித்தான் சொல்கிறோம். வேலையிடத்திலும் பள்ளிக்கூடத்திலும் அது பிறந்தநாள். மண்டபத்துக்குள் வந்தபிறகு அது வேறு.

செஃபின் அந்தத் திகதியை நினைவில் வைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு அதே நாளில் தன் கையால் சுட்ட பிளம்ஸ் கேக் ஒன்றை மகளுக்கென்று தந்தார். அதற்கடுத்த ஆண்டும் தந்தார். "பொய்க்குக் கேக் வந்திருக்குது, வந்து சாப்பிடுங்கோ" என்று மனைவி மேசையில் வெட்டிவைப்பாள். மகள் ஒருநாளும் அதைத் தொட்டதில்லை. நாங்கள் சிரித்துக்கொண்டு சாப்பிட்டோம்.

கிருபானந்தன் பட்டறைக்கு வந்தது இதெல்லாம் நடந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு. என்னைவிட இளையவர், வட்டுக்கோட்டைப் பக்கம். ஒரு சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். அறுபதுகளின் நடுவில் செய்த ஓர் இம்பாலாவை, வெள்ளை நிறம், மடக்குக் கூரை, துருப்பிடித்த நிலையில் வாங்கி, வார இறுதிகளில் தானே திருத்தியிருந்தார். எங்களிடம் இருக்கைகளுக்கு மட்டும் வந்தார். முதல் நாளே ஊன்ட்றொப் அம்மன் கோயிலில் பூசை செய்து, சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைத்து நசித்துவிட்டுத்தான் வந்திருந்தார். சில்லு வளையத்தில் ஒரு தேசிக்காய் விதை ஒட்டியிருந்ததை நான் கண்டேன்.

அமெரிக்கக் கார்க்காரர் கூடும் கூட்டங்களுக்கு அவரோடு போயிருக்கிறேன். புல்வெளியில் வரிசையாகக் கார்கள், முன்மூடி திறந்திருக்கும், சொந்தக்காரர் பக்கத்தில் மடக்குக் கதிரை போட்டு, பல்துலக்கும் தூரிகையால் ஓரங்களைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு காருக்கும் முன்னால் ஓர் அட்டை: எந்த ஆண்டு, எத்தனை சிலிண்டர், எந்த நிறம், எது அசல், எது மாற்றியது. ஆட்கள் வாசித்துவிட்டுக் கேள்வி கேட்பார்கள். கிருபா வெள்ளைச் சேட் போட்டு நின்று பதில் சொல்வார். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எங்களிடம் கேள்வி கேட்டவர்கள் யாரும் பதிலை நம்பியதில்லை. அங்கே கேட்டார்கள், நம்பினார்கள், கைகொடுத்துவிட்டுப் போனார்கள். அவருடைய முகத்தை அந்த நேரங்களில் பார்த்தவன் என்பதால் அவரைப் பற்றி இலேசாக எழுத எனக்கு மனம் வரவில்லை.

அவர் மறுபடி வந்தபோது மகள் அபிஷாவையும் கூட்டிவந்தார்.

"நாதன் அண்ணை, பிள்ளைக்குச் சாமத்தியவீடு வைக்கிறன். ஹோல் வாசலில கார் குனிய வேணும். யானை முன்காலை மடிக்கிற மாதிரி."

அமெரிக்காவில் சிலர் இந்த வகைக் கார்களுக்கு ஹைட்ரோலிக் பம்ப் பூட்டி, ஓட்டுநர் பக்கத்து விசைகளால் முன்பக்கத்தைத் தாழ்த்தவும் எழுப்பவும் செய்வார்கள். அவர் கேட்டது அதைத்தான். கூடவே பின்னிருக்கைக்கு மேல் ஓர் உயர்ந்த ஆசனம். அதில் மகள் இருந்து வருவாள். சேலையின் நிறத்திலேயே தைக்கவேண்டும். சேலைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். மயில்கழுத்து நிறம்.

"எல்லாரும் லிமோசின் வாடகைக்கு எடுக்கினம். போன மாசம் ஒருத்தர் ஹெலிகொப்ரர். என்ர பிள்ளை என்ர காரில வரவேணும் அண்ணை."

செஃபின் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என்ன விழா என்று கேட்டார். கிருபா என்னைப் பார்த்தார்.

"பிறந்தநாள்" என்றேன்.

செஃபினுக்கு மகிழ்ச்சி. பிள்ளையின் பக்கம் திரும்பி, எத்தனை வயதாகிறது என்றார். அபிஷா தகப்பனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். இங்கே பிறந்த பிள்ளை. எங்கள் இருவரையும்விட நல்ல ஜேர்மன் பேசுபவள். ஒரு நொடிதான். பிறகு, "பதின்மூன்று ஆகப்போகிறது" என்றாள். அந்த வயது அவளுக்கு ஏற்கெனவே ஆகியிருந்தது. மூன்று பேருக்கும் உடன்பாடு ஏற்பட்டுவிட்டது. யாரும் யாரையும் திருத்தவில்லை.

வேலை நன்றாக நடந்தது. ஆசனத்தைப் பூட்டக் காரில் ஒரு புதுத் துளையும் போடக்கூடாது என்று செஃபின் சொல்லிவிட்டார். தொழிற்சாலை விட்ட துளைகளையே பயன்படுத்தி, கழற்றினால் அடையாளம் தெரியாதபடி இரும்புச் சட்டம் செய்தோம். பம்பை எங்கள் மெக்கானிக் பூட்டினார். பற்றரிகளைப் பின்பெட்டியில் வைத்தார். பரிசோதகர் வந்து பார்த்து வாகனப் பத்திரத்தில் பதிந்தார். நான் தைத்தேன். மடிப்புகள் எல்லாம் ஒரே அகலம். செஃபினின் நகம் ஓரிடத்திலும் நிற்கவில்லை.

அளவு பார்க்க அபிஷாவை ஒருமுறை ஆசனத்தில் இருத்தினோம். கிருபா மெக்கானிக்கோடு பின்பெட்டிப் பக்கம் நின்றார். நான் அவளுடைய கால் வைக்கும் உயரத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன். அவள் தமிழில் மெதுவாகப் பேசினாள்.

"அங்கிள், மீற்றிங்கில காருக்குப் பக்கத்தில போர்ட் வைப்பினம், தெரியுமே? எந்த வருசம், எத்தினை சிலிண்டர் எண்டு. எனக்கும் ஒண்டு அடிச்சிருக்கு. ஆள் உயரத்துக்கு. ஹோல் வாசலில வைக்கப்போறாராம்."

"அது எல்லாப் பிள்ளையளுக்கும் அடிக்கிற பானர்தானே."

"ஓம். காரிட்டையும் ஒருத்தரும் கேக்கிறேல்லை."

நான் அளவுநாடாவைச் சுருட்டினேன்.

"என்ர வகுப்பில தமிழ்ப் பிள்ளையள் இருக்கினம். வீடியோ எடுத்துப் போடுவினம். பிறகு எல்லாருக்கும் தெரியும், என்னத்துக்கு எண்டு." குரலை இன்னும் தாழ்த்தி, "செஃபினுக்குப் பிறந்தநாள் எண்டே இருக்கட்டும் அங்கிள். நீங்கள் சொன்னதுதான் நல்லம்" என்றாள்.

"ஒரு நாள்தானே பிள்ளை. கண்ணை மூடித் திறக்க முடிஞ்சிடும்."

அவள் ஒரு மடிப்பிலிருந்து அடுத்த மடிப்புக்கு விரலை வைத்துக்கொண்டு போனாள். கிருபா வந்து, "எப்பிடி மகாராணி, சீற் வசதியோ?" என்று கேட்டபோது, "ஓம் அப்பா" என்றாள்.

விழாவன்று காரைச் செஃபினே ஓட்டிவந்தார். பம்ப் புதிது, பற்றரி புதிது, வேறு யாரையும் விசையைத் தொட விடமாட்டேன் என்று அவரே சொல்லியிருந்தார். கிருபாவுக்கு அது பெருமை. செஃபின் இஸ்திரி போட்ட நீலச் சட்டை அணிந்திருந்தார். முன்னிருக்கையில் ஒரு பொட்டலம் கிடந்தது. ஆசனம் தைத்து மிஞ்சிய மயில்கழுத்து றெக்சினில் அவரே ஒரு கைப்பை தைத்து, அதோடு ஓர் உறையில் பிறந்தநாள் வாழ்த்து அட்டையும் வைத்திருந்தார்.

மண்டப வாசலில் சிவப்புக் கம்பளம். இரு பக்கமும் சனம். கைபேசிகள் எல்லாம் தூக்கிய நிலையில். மேளச் சத்தம் ஒலிபெருக்கியில் போய்க்கொண்டிருந்தது. வாசலுக்கு இடப்புறம் அந்தப் பானர். அபிஷா சேலையோடு சிரிக்கும் படம், கீழே பெற்றோர் பெயர், பக்கத்தில் காரின் படம். கார் மெதுவாக வந்து கம்பளத்துக்கு முன்னால் நின்றது. மேலே அபிஷா, நெற்றிப்பட்டம், ஒட்டியாணம், கைநிறைய வளையல். நான் ஓட்டுநர் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். செஃபினின் கை விசைகளில் இருந்தது. கிருபா வாசலில் நின்று கையைத் தூக்கினால் கார் குனியவேண்டும். அதுதான் ஏற்பாடு.

அறிவிப்பாளர் தமிழில் வரவேற்றுவிட்டு, ஜேர்மன் விருந்தினருக்காக என்று சொல்லி, அவர்களுடைய மொழிக்கு மாறினார். இங்கே படித்த இளைஞர். ஒரு பெண்பிள்ளைக்கு முதன்முதலில் மாதவிலக்கு வரும்போது அதை எங்கள் பண்பாட்டில் எப்படிக் கொண்டாடுகிறோம் என்று விளக்கினார். உயிரியல் பாடப் புத்தகத்துச் சொற்கள். ஒரு சொல்லிலும் பிழை இல்லை. ஒலிபெருக்கி நல்ல தரமானது.

செஃபின் விசையிலிருந்து கையை எடுத்தார். என்னைப் பார்த்தார்.

"இதுவா பிறந்தநாள்?"

நான் கம்பளத்தைப் பார்த்தேன். அதன் ஓரம் ஓரிடத்தில் மடிந்திருந்தது. இன்றும் அதை வரையச் சொன்னால் வரைவேன்.

அவர் என்னிடம் மறுபடி கேட்கவில்லை. இருக்கையில் முழுதாகத் திரும்பி, மேலே இருந்த பிள்ளையிடம் கேட்டார். குரலை உயர்த்தவில்லை, பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது.

"உனக்கு இதில் விருப்பமா?"

அபிஷா சனத்தைப் பார்த்துச் சிரித்த முகத்தை மாற்றாமலே, "நைன்" என்றாள். இல்லை.

கிருபா கையைத் தூக்கினார். கார் குனியவில்லை. மறுபடி தூக்கினார். செஃபின் இறங்கிப் பின்னால் போய்ப் பெட்டியைத் திறந்து, சிறிது நேரம் குனிந்து நின்றார். மூடிவிட்டுக் கம்பளத்தின் மேல் நடந்து கிருபாவிடம் போனார். நானும் பின்னால் போனேன்.

"பம்ப் வேலை செய்யவில்லை. நாங்கள் சரியாகச் செய்யவில்லை. பிள்ளை மேலே இருப்பது பாதுகாப்பில்லை, இங்கேயே இறங்கட்டும். மன்னிக்கவேண்டும்."

கிருபாவுக்கு ஜேர்மன் விளங்கும். ஆனால் அந்த நேரம் விளங்கவில்லை. "என்ன அண்ணை சொல்லுறா?" என்றார். முகத்தில் வேர்வை. அறிவிப்பாளர் ஓடிவந்து ஒலிவாங்கியை என் கையில் தந்து, "சனம் பாத்துக்கொண்டு நிக்குது, நீங்களே சொல்லுங்கோ" என்றார்.

சொன்னேன். "கார் குனியாது. எங்கட வேலையில பிழை. செஃபின் மன்னிப்புக் கேக்கிறா." அவர் சொன்னதில் ஒரு சொல்லைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அவருக்காக நான் செய்த மொழிபெயர்ப்புகளில் இது ஒன்றில்தான் நான் எதையும் மாற்றவில்லை. அவர் சொன்னதோ பொய்.

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. "சீற் தைக்கிற ஆளை நம்பிக் காரைக் குடுத்தா இப்பிடித்தான்" என்று ஒருவர் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. "ஜேர்மன் வேலை எண்டு பெரிசாச் சொன்னவை" என்றார் இன்னொருவர். செஃபினுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஆட்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கு மொழி தேவையில்லை. வாழ்நாளில் ஒரு குறைவேலையை வெளியே விடாத மனிதர், அத்தனை கைபேசிகளுக்கு முன்னால், கையைப் பின்னால் கட்டி நின்றார்.

கிருபா காருக்குப் போய் மகளைக் கைகொடுத்து இறக்கினார். அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு கம்பளத்தில் நடந்து உள்ளே போனாள். பானர் அங்கேயே நின்றது. உள்ளே ஆலாத்தி, தட்டுகள், மேடை எல்லாம் நடந்தன. ஆனால் அவள் காருக்கு மேலிருந்து காட்டப்படவில்லை.

செஃபின் உடனே போகவில்லை. மேசையில் இருந்து மரக்கறிச் சாப்பாடு சாப்பிட்டார். பிறகு மேடைக்குப் போய்ப் பொட்டலத்தைப் பிள்ளையிடம் கொடுத்தார். வாழ்த்து அட்டை அதில் இல்லை. எழுந்து போகும்போது அதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்ததைக் கண்டிருந்தேன். அபிஷா கைப்பையைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு அவரைக் கட்டிப்பிடித்தாள். படம் எடுப்பவர் அதைத் திரும்பவும் செய்யச் சொன்னார். செஃபின் மறுத்துவிட்டார்.

அடுத்த நாள் கிருபா போன் எடுத்தார்.

"அண்ணை, பெட்டியைத் திறந்து பாத்தனான். பற்றரி வயர் கழண்டு கிடக்குது. அது தானாக் கழராது."

செஃபின் பின்பெட்டிக்கு மேல் குனிந்து நின்றது எனக்கு நினைவுக்கு வந்தது.

"நான் பாத்தனான் எண்டு அவவுக்குச் சொல்லாதேங்கோ" என்றுவிட்டு வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். இம்பாலா போயிருந்தது. என் மேசையை விழாவுக்கு முன்னரே துடைத்து வைத்திருந்தேன். அதில் தையலோ துணியோ எதுவும் இல்லை. வெறும் பலகையின் நடுவில் ஒரு வெண்கட்டி கிடந்தது.

அதை எடுத்துக்கொண்டு செஃபினின் அறைக்குப் போனேன். வழக்கம்போல அவருடைய மேசையில் வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு, நின்றபடி, என் மகளுடைய விழாவைப் பற்றிச் சொன்னேன். அறிவிப்பாளர் சொன்ன அதே சொற்களைத்தான் பயன்படுத்தினேன். எனக்கு எப்போதும் தெரிந்திருந்த சொற்கள்தான். நீங்கள் தந்த கேக்குகள் ஒன்றும் பிறந்தநாளுக்குரியவை அல்ல என்றேன். அவளிடமும் நாங்கள் யாரும் கேட்கவில்லை என்றேன்.

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்து மேசையில் வைத்தார். கோபிப்பார் என்று காத்திருந்தேன்; கோபித்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

"அப்படியானால் அவள் பிறந்த நாள் எது?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். பழைய திகதிதான் முதலில் வந்தது. நிறுத்தி, பெற்ற பிள்ளையின் பிறந்தநாளை ஒரு நிமிடம் யோசித்துத்தான் சொன்னேன்.